இல்லை என்று எழுதிய காய்ச்சல்

எனக்கு வலது பக்கம் இரண்டு விலா எலும்பு உடைந்த நாளிலிருந்து ஆரம்பித்தால், படிக்கிற எல்லோருக்கும் என்மேல் இரக்கம் வந்துவிடும். அதனால் அதற்கு இரண்டு நாள் முன்னால், நான் விமானம் ஏறிய காலையிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் தமிழரசி. சீர்காழியிலிருந்து பூம்புகார் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாய்க்கால் கரையோடு அரை மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர் வரும். அப்பாவும் அம்மாவும் ராமலிங்கம் வீட்டுப் பண்ணையில் நடவு, அறுப்பு, மாட்டுக்கொட்டகை என்று எல்லா வேலையும் பார்த்தவர்கள். அப்பா கட்சிக்காரர். எனக்கு இந்தப் பெயரும் அண்ணனுக்கு இளங்கோவன் என்ற பெயரும் அப்படி வந்தவைதான். நான் நர்சிங் படித்துவிட்டு சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். பன்றிக்காய்ச்சல் நாடு நாடாகப் பரவிக்கொண்டிருந்த வருஷம் அது.

ஆட்சி மாறியதும் நிலமில்லாதவர்களுக்கு அரசு நிலம் கொடுத்தது. மேடையில் ஏற்றி அம்மா கையிலும் ஒரு பட்டாவைக் கொடுத்தார்கள். ஊருக்குக் கிழக்கே இருந்த புறம்போக்கில் ஒன்றே கால் ஏக்கர். ஆனால் அந்த இடத்தை ராமலிங்கம் பல வருஷமாக வளைத்துப் போட்டு சாகுபடி செய்துகொண்டிருந்தார். பட்டா கைக்கு வந்தது, நிலம் வரவில்லை. அந்த வயலில் ஒரு நாள்கூடக் கால் வைக்காமல் அம்மா போய்ச்சேர்ந்தாள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அதன்பிறகு வாரிசு அண்ணனும் நானும்தான். சர்வேயர் அளந்து கல் நடும்போது இரண்டு பேரும் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும் என்று தாலுகா ஆபீசில் சொன்னார்கள். மூன்று முறை நாள் குறித்தார்கள், மூன்று முறையும் ராமலிங்கம் ஏதாவது ஒரு மனுவைப் போட்டுத் தள்ளிவைத்தார். நாலாவது முறை குறித்தது ஒரு திங்கட்கிழமை. நான் சனிக்கிழமை காலை விமானத்துக்கு டிக்கெட் போட்டேன்.

வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்தது.

அது என்ன காய்ச்சல் என்று எனக்குத் தெரியாது என்று பிறகு சொல்லிப் பார்த்தேன். பொய். எங்கள் இல்லத்தில் அந்த வாரம் இரண்டு பேரைத் தனி அறைக்கு மாற்றியிருந்தோம். காய்ச்சல் இருந்தால் பயணம் கூடாது, தவிர்க்கவே முடியாவிட்டால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், மாஸ்க் போட வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு வகுப்பு எடுத்தவள் நான். அப்படிப்பட்டவள் விமான நிலையத்துக் கழிப்பறையில் நின்று இரண்டு பாராசிட்டமால் மாத்திரையை விழுங்கினேன். கைப்பையில் மாஸ்க் பாக்கெட் பிரிக்காமலே இருந்தது. போட்டால் பணிப்பெண் என்ன ஏது என்று கேட்பாள், திருச்சியில் இறங்கியதும் தனியாக நிறுத்திவிடுவார்கள், திங்கட்கிழமை போய்விடும். என் மனசில் இருந்தது அந்தக் கணக்கு மட்டும்தான்.

பதினேழாவது வரிசையில் நடைபாதை ஓர சீட் எனக்கு. பெல்ட் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். ராமலிங்கத்தின் மூத்த மருமகள் சுகந்தி. கும்பகோணத்துப் பெண், கல்யாணமாகி மூன்று வருஷம், புருஷனோடு சிங்கப்பூரில் இருந்தாள். வளைகாப்புக்காக ஊருக்குப் போகிறாள். என்னை ஊரில் இரண்டு முறை பார்த்திருக்கிறாள். நர்ஸ் என்று தெரியும்.

"அக்கா, எனக்கு ப்ளேன்னாலே பயம். வாந்தி வருது. உங்க பக்கத்துல உக்காந்துக்கவா?" என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பியதைப் பார்த்து, "வீட்டுல சண்டைன்னு தெரியும்க்கா. ப்ளேன்ல நமக்கு என்ன சண்டை?" என்றாள்.

இந்த இடத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். எனக்குக் காய்ச்சல்மா, தள்ளி உட்கார். அவ்வளவுதான். நடு சீட்டில் இருந்தவர் எழுந்து இடம் மாறிக்கொண்டார். அவள் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சுடுகிறதே என்றாள். வெயிலில் நின்றேன் என்றேன்.

விமானத்துக்குள் ஒருவர் இருமினால் உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. காற்று தலைக்கு மேலிருந்து இறங்கி, காலடியில் உறிஞ்சப்பட்டு, வடிகட்டி வழியாகத்தான் பெரும்பாலும் திரும்பி வருகிறது. ஆபத்து பக்கத்தில் இருப்பவர்களுக்கு. இருமும்போதும் பேசும்போதும் கண்ணுக்குத் தெரியாத பொடித்துளிகள் தெறிக்கும். பக்கத்தில் இருப்பவர் அதை மூச்சோடு இழுக்கலாம், அல்லது அது விழுந்த கைப்பிடியைத் தொட்டுவிட்டு அதே கையால் மூக்கைத் துடைக்கலாம். அதனால்தான் இப்படி ஒரு நோயாளி வந்தால் அவர் வரிசையையும் முன்னும் பின்னும் இரண்டு இரண்டு வரிசையையும் முதலில் தேடுவார்கள். நாலு மணி நேரம் சுகந்தி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் முகத்தை நடைபாதைப் பக்கம் திருப்பிக்கொண்டு, இருமலை அடக்கி அடக்கி, முடியாதபோது துப்பட்டாவுக்குள் இருமினேன்.

இறங்குவதற்கு முன் ஒரு படிவம் கொடுத்தார்கள். காய்ச்சல், இருமல், தொண்டைவலி உண்டா என்று கேள்வி. மூன்றுக்கும் இல்லை என்று எழுதினேன். பேனா இல்லை என்றாள் சுகந்தி. என் பேனாவைக் கொடுத்தேன். திருச்சியில் நெற்றிக்கு நேரே ஒரு கருவியைக் காட்டிப் பார்த்துவிட்டு, போங்கம்மா என்று அனுப்பிவிட்டார்கள். மாத்திரை தன் வேலையைச் செய்திருந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சர்வேயர் வந்தார். கூட ஒரு தலையாரி, அவ்வளவுதான். போலீஸ் வரும் என்றார்கள், வரவில்லை. எனக்கு உடம்பு நெருப்பாக இருந்தது. வரப்பில் நடக்கும்போது நிலம் சாய்ந்து சாய்ந்து வந்தது. சங்கிலியைப் பிடித்து முதல் கல்லுக்குக் குழி எடுத்தார்கள். ராமலிங்கமும் அவருடைய இளைய மகன் கண்ணனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வாய்க்கால் பக்கமிருந்து வந்தார்கள்.

பேச்சு நீளவில்லை. எங்கள் வீட்டில் சாணி அள்ளினவள் மகளுக்கு எங்கள் வயலில் கல்லா என்று ராமலிங்கம் கேட்டார். அரசாங்கம் கொடுத்தது என்று அண்ணன் பட்டாவை நீட்டினான். கண்ணன் அதைப் பிடுங்கிச் சேற்றில் போட்டு மிதித்தான். அண்ணன் அவனை அறைந்தான். அடுத்த நொடியில் கண்ணன் வீசிய மண்வெட்டிக் காம்பு அண்ணனின் முழங்கைக்குக் கீழே இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பச்சை மூங்கில் பிளக்கிற சத்தம். நான் ஓடிப்போய்க் கண்ணனின் சட்டையைப் பிடித்தேன். அதே காம்பு என் விலாவில் விழுந்தது. ஒன்று. நான் விழவில்லை. இன்னொன்று. மல்லாந்து நாற்றங்கால் தண்ணீரில் விழுந்தேன். அவன் என்மேல் முழங்காலை ஊன்றிக் கழுத்தைப் பிடித்தான். அவன் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

நான் அவன் முகத்தில் துப்பினேன். வாயிலும் கண்ணிலும் படும்படி. பிறகு இருமினேன், அடக்காமல், வேண்டுமென்றே.

நர்ஸாகப் பத்து வருஷம் வேலை பார்த்தவள் அந்தத் துப்பலில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே துப்பினாள். இதை நான் போலீசிலும் சொல்லவில்லை, கோர்ட்டிலும் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறை எழுதுகிறேன்.

சீர்காழி ஆஸ்பத்திரியில் அண்ணன் கைக்குக் கட்டுப் போட்டார்கள். என்னைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் ஒவ்வொரு பள்ளத்திலும் உடைந்த எலும்பு உள்ளே குத்தியது. தஞ்சாவூரில் பார்த்த டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இரண்டு பக்க நுரையீரலிலும் அடியிலிருந்து பாதிவரை வெள்ளையாக இருந்தது. நுரையீரல் காற்று இருக்கிற வரை படத்தில் கறுப்பாகத் தெரியும். வெள்ளை என்றால் உள்ளே நீரும் சளியும் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். நிமோனியா. அடிபட்டதால் மட்டும் இப்படி ஆகாதே, காய்ச்சல் எப்போதிலிருந்து, வெளியூர் எங்கேயாவது போனீர்களா என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், கூடவே வந்திருந்த அண்ணன் சொல்லிவிட்டான்: "இல்லீங்க டாக்டர். ரெண்டு வாரமா ஊர்லதான் இருக்கு."

டாக்டரம்மா போனதும் அவன் குனிந்து காதில் பேசினான். அடித்தது அவர்கள், கேஸ் நம் பக்கம் பலமாக இருக்கிறது, நீ நோயோடு வந்தவள் என்று தெரிந்தால் அதையே பிடித்துக்கொள்வார்கள், கல்லும் போய்விடும், அம்மா பட்டாவும் போய்விடும் என்றான். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வலியில் உதடு நடுங்க நடுங்கத்தான் இதைச் சொன்னான். நான் தலையசைத்தேன்.

அந்த இரண்டு நாளை எப்படிச் சொல்வது. உடைந்த விலாவோடு இருமுவது, யாரோ உள்ளேயிருந்து கடப்பாரையால் குத்துவது மாதிரி. குத்து வரப்போகிறது என்று தெரியும், தடுக்க முடியாது. ஒவ்வொரு இருமலுக்கும் நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மிருகம் மாதிரிக் கத்தினேன். முகத்தில் இறுக்கிக் கட்டிய ஆக்சிஜன் மாஸ்க் மூக்குத்தண்டைப் புண்ணாக்கியது. மூச்சு போதாமல் போகும்போது அடித்தவன் மேல்கூடக் கோபம் வராது. அடுத்த மூச்சு ஒன்றுதான் மனசில் இருக்கும். அண்ணி தினமும் பஸ் பிடித்து வந்து, கஞ்சியை ஸ்பூனால் உதட்டில் தடவித் தடவி ஊட்டினாள். ஒரு கையால் என் விலாவை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். அவள் பிடித்தால் இருமல் வலி பாதி குறையும். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கும் முகத்தில் மாஸ்க் கிடையாது. நான் அதையும் பார்த்துக்கொண்டு பேசாமல்தான் இருந்தேன்.

புதன்கிழமை காலை, டியூட்டியில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் சளியை உறிஞ்சி எடுக்கக் குழாயோடு என்மேல் குனிந்தாள். எனக்கு என்ன நோய் என்று தெரியாததால் வெறும் முகத்தோடு குனிந்தாள். அந்த வேலையை நான் நூறு முறை செய்திருக்கிறேன். உறிஞ்சும்போது நோயாளி இருமினால் எங்கே தெறிக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அவள் கையைப் பிடித்துத் தள்ளினேன்.

"முதல்ல மாஸ்க் போடுங்க சிஸ்டர்," என்றேன். "டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க. நான் சனிக்கிழமைதான் சிங்கப்பூர்ல இருந்து வந்தேன்."

டாக்டரம்மா வந்து நின்று கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எந்த விமானம், எந்த வரிசை, பக்கத்தில் யார் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பக்கத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி என்றதும் பேனா நின்றது. கர்ப்பிணிகளுக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் மற்றவர்களைவிடப் பல மடங்கு மோசமாகும். வயிறு மேலே தள்ளுவதால் நுரையீரலுக்கு ஏற்கனவே இடம் குறைவு. காய்ச்சல் வந்த இரண்டு நாளுக்குள் அதற்கான மாத்திரையை ஆரம்பித்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். நாள் ஆக ஆக மாத்திரையின் பலம் குறையும்.

என் தொண்டையில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். என்னைத் தனி வார்டுக்கு மாற்றினார்கள். அன்று மதியமே சுகாதார ஆய்வாளர் ஒருவர் மாத்திரையோடு ராமலிங்கம் வீட்டுக்குப் போனார். சுகந்திக்கு திங்கட்கிழமை மாலையே காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. அடிதடிக் கேஸைப் பெரிதாக்க இது அந்தக் குடும்பம் செய்கிற சூது என்று ராமலிங்கம் கத்தியிருக்கிறார். ஆய்வாளரின் சட்டையைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளினார்களாம். மாத்திரை அட்டை தெருவில் கிடந்ததாம். நான் திங்கட்கிழமையே வாயைத் திறந்திருந்தால் அந்த மாத்திரை முதல் நாளே போயிருக்கும். அன்றும் தள்ளியிருப்பார்கள் என்று அண்ணன் சொல்வான். இருக்கலாம். எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை சுகந்தியை மூச்சுத் திணறலோடு நான் இருந்த வார்டுக்கே கொண்டுவந்தார்கள். நடுவில் ஒரு மரத் தடுப்பு, அந்தப் பக்கம் அவள். முதல் நாள் அவள் இருமல் எனக்குக் கேட்டது. மறுநாள் இருமல் சத்தம் நின்று மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. தொண்டைக்குள் குழாய் போட்டு, மிஷின் மூச்சு கொடுக்கிறது என்று பார்க்காமலே தெரிந்துகொண்டேன். எனக்கு அப்போது காய்ச்சல் இறங்க ஆரம்பித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகலில் வயிற்றுக்குள் குழந்தையின் துடிப்பு நின்றுவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆட்கள் ஓடுவதும், யாரோ ஒரு அம்மாள் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுவதும் கேட்டது. சற்று நேரத்தில் கண்ணன் என் கட்டிலுக்கு வந்தான். வாசலில் இருந்த காவலாளியைத் தள்ளிவிட்டு வந்தான். அவனுக்கு வந்த காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டதாம். வேண்டுமென்று நான் துப்பினவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவன் கட்டிலின் மேல் குனிந்தான். என் முகத்து மாஸ்க்கைப் பட்டையோடு பிய்த்தான். உடைந்த விலா இருக்கிற பக்கம் பார்த்து முஷ்டியால் குத்தினான், மூன்று முறையோ நாலு முறையோ. நான் கையைத் தூக்கவில்லை. மூச்சில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினேன். கண் இருட்டிக்கொண்டு வந்தபோது அண்ணன் உள்ளே ஓடிவந்ததும், நல்ல கையால் குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் இரும்புக் கம்பியைத் தூக்கியதும் தெரிந்தது. அது கண்ணனின் மண்டையில் இறங்கியது. என் போர்வையெல்லாம் ரத்தம். நர்ஸுகள் நாலு பேர் சேர்ந்து இருவரையும் பிரித்தார்கள். தரையில் விழுந்தவன் அங்கேயே சுருண்டு அழுதான். அண்ணன் கம்பியைப் பிடித்தபடியே நின்றான். டாக்டரம்மா என் முகத்தில் மாஸ்க்கை அழுத்திக்கொண்டு, தமிழரசி, மூச்சு விடு, மூச்சு விடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதுவரை வாங்க போங்க என்று பேசியவர்.

மூன்று வாரம் கழித்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். சுகந்தியின் குழாயை அதற்கு நாலு நாள் முன்னால்தான் எடுத்தார்கள். அவள் பிழைத்துவிட்டாள். போகும்போது தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்க்கலாம் என்று அண்ணி சொன்னாள். நான் பார்க்கவில்லை.

அந்த வருஷமே போலீஸ் காவலோடு நிலத்தை அளந்து கல் நட்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். ஆனால் கேஸுகள் நிலுவையில் இருந்தன. எங்களை அடித்ததற்கு அவர்கள் மேல், கண்ணன் மண்டையை உடைத்ததற்கு அண்ணன் மேல், தொற்றுநோயை மறைத்துப் பரப்பியதற்கு என் மேல். இரண்டு பக்கத்து வக்கீல்களும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். என் மேல் உள்ள கேஸில் சாட்சிகள் எனக்கு எதிராகச் சொல்ல மாட்டார்கள், நான் குற்றம் செய்யவில்லை என்று சொன்னால் போதும், அது தானே விழும். பதிலுக்கு மற்றதையெல்லாம் சமாதானமாக முடித்துக்கொள்வது. ராமலிங்கம் சரி என்றார். அண்ணனும் சரி என்றான். சுகந்தியை யாரும் கேட்கவில்லை.

கூண்டில் நின்றபோது மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறாயா, மறுக்கிறாயா என்று கேட்டார். என் வக்கீல் எனக்குப் பதில் சொல்லிக்கொடுத்திருந்தார். பெஞ்சில் கடைசியில் சுகந்தி மாமியாரோடு உட்கார்ந்திருந்தாள். முடி கொட்டி, முகம் கறுத்து, ஆள் பாதியாகியிருந்தாள்.

"ஒத்துக்கறேங்கய்யா," என்றேன். "காய்ச்சல்னு தெரிஞ்சுதான் ஏறினேன். தெரிஞ்சுதான் அந்தப் பொண்ணைப் பக்கத்துல உக்கார வச்சேன்."

வக்கீல் பைலை மூடிவிட்டார். அபராதம் போட்டார்கள், கோர்ட் கலையும் வரை உள்ளேயே உட்காரச் சொன்னார்கள். தண்டனை பெற்றவள் என்று ஆனதால் சிங்கப்பூர் வேலை போனது. நானே ஒத்துக்கொண்டதும் ராமலிங்கம் பேச்சை மாற்றினார், சமாதானமும் அன்றோடு முறிந்தது. அண்ணன் கேஸுக்காக வருஷக்கணக்கில் அலைந்தான். இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அண்ணி மட்டும் பேசுவாள்.

மாலையில் வெளியே வந்தபோது கோர்ட் வாசலில் ராமலிங்கம் ஆட்டோ பேசிக்கொண்டிருந்தார். நான் ஒதுங்கி மதில் ஓரமாக நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து விலாவைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினேன்.

சுகந்தி. ஓடிவந்ததில் மூச்சு வாங்க நின்றாள். என்னிடம் ஏன் என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை.

"உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க," என்றாள். "பையன்க்கா."

சொல்லிவிட்டு ஆட்டோவுக்குப் போய்விட்டாள்.